ஒரிஜினல் எங்கே?

1

ஐரோப்பாவில் எல்லையே இல்லையாமே, காலையில் காரை எடுத்தால் நாலு நாடு பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாமாமே என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கிறார்கள். வரலாம்தான், யார் இல்லை என்றது? ஆனால் காருக்குள் என்னென்ன இருக்கவேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். வதிவிட அட்டையும் பயணப் பத்திரமும் வேண்டும். காரின் பதிவுப் பத்திரம் வேண்டும். அது சாம்பல் நிறம், அதனால் நாங்கள் 'சாம்பல் பேப்பர்' என்போம். காப்புறுதிக்குப் பச்சை அட்டை. பின்பக்கம் சுவிஸ் கார் என்று காட்டும் சி.எச். ஸ்டிக்கர். கார் நடுவழியில் நின்றால் ரோட்டில் வைக்கச் சிவப்பு முக்கோணம். ஒளிரும் மஞ்சள் மேலங்கி, அதுவும் டிக்கிக்குள் அல்ல, இருந்த இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில். ஜேர்மனிக்குப் போனால் முதலுதவிப் பெட்டி. கார் இன்னொருவரின் பெயரில் இருந்தால், இவர் ஓட்டுவதில் எனக்குச் சம்மதம் என்று உரிமையாளர் எழுதிய கடிதம் ஒன்று இருப்பது நல்லது. இதிலே எதையும் நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன் நான்.

நாங்கள் இருப்பது சுவிசில், லுட்சேர்னுக்குப் பக்கத்து எம்மன்புரூக்கேயில். நான் தொழிற்சாலை வேலை. மனைவி வசந்தி முதியோர் இல்லத்துச் சமையலறையில். அவளுக்கு விடிய ஐந்து மணிக்கு வேலை தொடங்கும், அந்த நேரம் பஸ் இல்லை. அவளுக்காக வாங்கிய கார், அவள் பெயரிலேயே இருக்கிறது. பழைய சாம்பல் நிறக் கொம்பி, பின்பக்கம் நீண்ட கார். இன்னும் ஓடுகிறது.

போன மாதம் எங்கள் மகள் ஆரணி அந்தக் காரைக் கேட்டாள். இருபது வயது. சிநேகிதிகள் இருவரோடு இத்தாலிக் கடற்கரைக்கு ஒரு கிழமை. நான் வழமைபோலத் தொடங்கினேன், அது வைத்தாயா, இது வைத்தாயா என்று.

"அப்பா, எல்லாம் ஹாண்டி போனில போட்டோ எடுத்து வைச்சிருக்கிறன்."

"போட்டோவைக் காட்டினா விடுவாங்களோ? ஒரிஜினல் வேணும். கீழை போய் முக்கோணம் கிடக்கோ, ஸ்பெயார் சில்லிலை காத்து இருக்கோ எண்டு பார்."

'ஓ மன்' என்று முனகிக்கொண்டு நிலக்கீழ்க் கராஜுக்குப் போனாள். இருபது நிமிடம் கழித்து, கை முழுக்கத் தூசியோடு, ஒரு பொலித்தீன் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள். வசந்தி அன்று பின்னேர முறை, பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்தாள். நல்லகாலம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

2

அந்தப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்வதென்றால், ஒரிஜினல் என்ற சொல்லுக்கு நான் ஏன் இப்படிப் பயந்தவன் என்பதை முதலில் சொல்லவேண்டும்.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது கையில் இருந்தவை இரண்டு போட்டோக் கொப்பிகள். பிறப்புப் பத்திரம் ஒன்று, ஊரில் ஆமி என்னைப் பிடித்து வைத்திருந்ததற்கான கடிதம் ஒன்று. ஒரிஜினல்கள் வீட்டு அலுமாரியில் இருந்தன. வீடு ஷெல்லில் போனபோது அலுமாரியும் போனது. அகதி விசாரணையில் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண், கொப்பிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஒரிஜினல் எங்கே? எரிந்துவிட்டது என்றேன். அவர் அதை ஒரு வரியில் எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரிக்கு நான் கொடுத்த விலை ஏழு வருடம். முதல் மனு நிராகரிப்பு, பிறகு மேன்முறையீடு, பிறகு தற்காலிக அட்டை. நாட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாது.

அதற்குள் என் தம்பி ரூபன் பிரான்சுக்கு வந்துவிட்டான். ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு உணவகத்தில் சமையல். எங்கள் வீட்டிலிருந்து கார் ஓட்டம் இரண்டரை மணித்தியாலம்தான். ஆனால் எனக்கு அது அவுஸ்திரேலியா மாதிரி. அவனுக்கும் சரியான பேப்பர் இல்லை. ஒருமுறை மட்டும் பாசல் எல்லைக்கு வந்தான். அவன் அந்தப்பக்கம் நின்றான், நான் இந்தப்பக்கம். நடுவில் தடைக் கம்பும் இரண்டு எல்லைக் காவலரும். காவலர் ஒருவர் கையைக் காட்டி, கதைக்கலாம், ஆனால் தாண்டாதீர்கள் என்றார். அரை மணித்தியாலம் கத்திக் கத்திக் கதைத்தோம். "அண்ணை, நீ மெலிஞ்சிட்டாய்" என்று அவன் கத்தினான். பிரான்ஸ் முழுக்கவே கேட்டிருக்கும்.

இரண்டு பேருக்கும் பேப்பர் கிடைத்த பிறகு மாதம் ஒருமுறை போய்வந்தோம். ஆனால் பழைய வியாதி என்னை விட்டுப் போகவில்லை. ஒரிஜினல் என்றால் வீட்டுக்குள், இலக்கப் பூட்டுப் போட்ட சூட்கேசில். வெளியே கொண்டு திரிவது கொப்பி மட்டும். சாம்பல் பேப்பரையும் கலரில் கொப்பி எடுத்து, லெமினேட் செய்து காருக்குள் வைத்தேன். மழையில் நனையாது, கிழியாது, தொலைந்தாலும் போகட்டும். எங்கள் சனத்தில் பாதிப்பேர் இப்படித்தான் வைத்திருந்தார்கள். லுட்சேர்னில் ஒருமுறை மறித்த பொலிஸ்காரர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

3

போர் முடிந்து இரண்டு வருடம் இருக்கும். ரூபனுக்கு ஈரலில் வருத்தம் என்று தெரிந்து மூன்று மாதம். ஒரு சனி பின்னேரம் அவன் மனைவி சாந்தி போன் எடுத்தாள்.

"அத்தான், வர வேண்டிய ஆக்களை வரச்சொல்லட்டாம் எண்டு டொக்டர் சொல்லீட்டார். இவர் உங்களைத்தான் கேக்கிறார்."

ஞாயிறு விடியவே வெளிக்கிட்டோம். வசந்தி எழும்பிச் சொதி வைத்து ஒரு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டாள். தொண்டையை நனைக்க ஒரு வாய் சொதி வேண்டும் என்று அவன் இரண்டு நாளாகக் கேட்டிருந்தானாம். ஆரணிக்கு அப்போது ஒன்பது வயது, பின்சீட்டில் நித்திரை.

எல்லையில் ஒருவரும் மறிக்கவில்லை. பிரான்ஸ் நெடுஞ்சாலையில் கொல்மாருக்குக் கிட்டப் போகும்போதுதான் சுங்கக்காரர்கள் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னார்கள். நான் பதறவில்லை. என்னிடம்தான் எல்லாம் இருக்கிறதே. முக்கோணம் கேட்டார், காட்டினேன். மேலங்கி, காட்டினேன். டிக்கியைத் திறக்கச் சொன்னார். பிளாஸ்கை முகர்ந்து பார்த்தார். டிக்கியின் அடித்தட்டைத் தூக்கி, ஸ்பெயார் சில்லைப் பார்த்துவிட்டு மூடினார். பிறகு பேப்பர்.

லெமினேட் செய்த கொப்பியை வாங்கி, வளைத்துப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். வெயிலுக்கு நேரே பிடித்தார். மற்றவரைக் கூப்பிட்டார். சிரிப்பு ஒன்றும் இல்லை.

"ஒரிஜினல்?"

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்தச் சொல்லுக்கு மொழி தேவையில்லை. வீட்டில் இருக்கிறது என்று ஜேர்மன் மொழியில் சொன்னேன். கலர்க் கொப்பியை ஒரிஜினல் மாதிரிச் செய்து காட்டினால் அது மோசடி, கார் களவுக் காராகவும் இருக்கலாம், சுவிசிலிருந்து பதில் வரும்வரை நிற்கவேண்டும் என்று ஜேர்மன் தெரிந்த ஒருவர் விளங்கப்படுத்தினார். கார்த் திறப்பை எடுத்துக்கொண்டார்கள். தம்பி சாகக் கிடக்கிறான் என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து தந்தார். வீட்டில் யாராவது ஒரிஜினலை எடுத்துப் பொலிசில் காட்டி, அங்கிருந்து ஃபாக்ஸில் அனுப்பினால் உடனே விட்டுவிடலாம் என்றார்.

மேல்மாடி வீட்டு அக்காவிடம் எங்கள் வீட்டுத் திறப்பு இருந்தது. போன் பண்ணிப் பூட்டு இலக்கத்தைச் சொன்னேன். அவ சூட்கேசைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினா. பிறப்புப் பத்திரம் இருக்கிறது, கலியாணப் பத்திரம் இருக்கிறது, ஆரணியின் தடுப்பூசி அட்டைகூட இருக்கிறது. சாம்பல் பேப்பர் இல்லை.

"எங்கை வைச்சனீ?" என்று வசந்தியைப் பார்த்துக் கத்தினேன். நாங்கள் இருவரும் நீங்கள், நீர் என்று கதைக்கிறவர்கள். அன்று நீ என்றேன்.

"நான் தொடேல்லையப்பா."

"அப்ப ஆர் தொட்டது, பேயோ? தீபாவளிக்குப் பெட்டியை ஒதுக்கினது ஆர்?"

"ஒதுக்கினனான்தான்... ஆனா அதை எடுத்த ஞாபகம் இல்லை."

"ஞாபகம் இல்லையோ! தலைக்குள்ளை என்ன கிடக்கு உனக்கு, களிமண்ணோ?"

பின்சீட்டில் ஆரணி எழும்பிவிட்டாள். அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாந்தி போன் எடுத்தாள். எங்கை நிக்கிறியள் அத்தான், இவர் வாசலைப் பாக்கிறார். இந்தா, முக்கால் மணித்தியாலத்தில வந்திடுவன் என்றேன். ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடியும் எடுத்தாள். அதே பதிலைச் சொன்னேன். போனை அவன் காதில் வைத்தாள் போல, மூச்சுச் சத்தம் கேட்டது. "ரூபன், அண்ணை வாறன்ரா, இந்தா வந்திட்டன்" என்றேன். மூன்றாம் தரம் போன் வந்தபோது சாந்தி அழுதது மட்டும் கேட்டது.

மறித்து மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகுதான் சுவிசிலிருந்து பதில் வந்தது. கார் வசந்தியின் கார்தான், பிரச்சினை இல்லை. அதிகாரி திறப்பையும் கொப்பியையும் தந்து, பயணம் நல்லபடி அமையட்டும் என்றார். பிளாஸ்கில் இருந்த சொதி ஒரு வாய் குறையாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

செத்தவீட்டில் நான் செய்ததையும் எழுதவேண்டும். சனம் நிறைந்த மண்டபம். சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் அத்தான் பிந்தினீங்கள் என்று கேட்டாள். நான் வசந்தியைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னேன்: "இவள் ஒரு பேப்பரை ஒழுங்கா வைச்சிருந்தா என்ரை தம்பியின்ரை முகத்தை உயிரோடை பாத்திருப்பன்." வசந்தி குனிந்த தலை நிமிரவில்லை.

4

அதற்குப் பிறகு பதினொரு வருடம். சாந்தி வசந்தியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கலியாண வீடுகளில் கண்டால் எழும்பி வேறு மேசைக்குப் போவாள். ஆரணியின் சாமத்தியச் சடங்குக்கு அழைப்பு அனுப்பினோம், வரவில்லை. சொந்தக்காரருக்குள் ஒரு பகிடி வேறு: எதை வேணுமெண்டாலும் குடுங்கோ, டொக்கியுமென்ற் மட்டும் வசந்தியிட்டைக் குடுத்திடாதேங்கோ. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். வசந்தி அந்த நேரம் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போவாள்.

புதுச் சாம்பல் பேப்பர் எடுத்தோம். லெமினேட் கொப்பியை நான் வெட்டிக் குப்பையில் போட்டேன். வீட்டில் கடிதம், படிவம், வரிப் பேப்பர் எல்லாம் என் பொறுப்பு என்று ஆக்கிக்கொண்டேன். ஆரணி பள்ளிக்கூடப் படிவங்களை என்னிடம் நீட்டுவதை மெல்ல மெல்ல நிறுத்தினாள். என்னோடு கதைக்கும்போது தமிழும் குறைந்துகொண்டு போனது. இந்த நாட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் என்று நான் எல்லோரிடமும் குறை சொன்னேன். அவள் விலகிப் போனது நாட்டாலோ அப்பனாலோ என்று ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை.

இனிப் பொட்டலம். "சில்லைக் கழட்டித் தூக்கினன், அதுக்கு அடியிலை பள்ளத்துக்குள்ளை கிடந்தது" என்று ஆரணி சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

பாண் வரும் பொலித்தீன் பை. நீலப் பிளாஸ்டிக் பட்டியால் மூன்று முடிச்சு. அந்த நீலப்பட்டி எங்கள் தொழிற்சாலையில் பெட்டி கட்டுவது. இந்த வீட்டில் அதைக் கொண்டுவருகிறவன் ஒருவன்தான். மூன்று முடிச்சுப் போடுகிறவனும் அவன்தான்.

பிரித்தேன். சாம்பல் பேப்பர். காலாவதியான பச்சை அட்டை. ஒரு சொட்டு ஈரம் பட்டிருக்கவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரூபனுக்கு வருத்தம் தெரியவருவதற்கு முந்திய குளிர்காலம், எங்கள் கட்டடத்து நிலவறைகளைக் கள்ளர் உடைத்தார்கள். அடுத்தது வீடுதான் என்று பயந்து, சூட்கேசிலிருந்து இதை எடுத்துப் பொதிந்து, கராஜில் குளிரில் விறைத்த கையோடு சில்லைத் தூக்கி அடியில் வைத்தேன். எந்தக் கள்ளனும் இங்கே தேடமாட்டான் என்று நினைத்தேன். நானும் தேடவில்லை. அந்த அதிகாரி அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தாரே, சில்லையும் கொஞ்சம் தூக்கியிருந்தால் என் தம்பியின் கையைப் பிடித்திருப்பேன். அவன் சொதி குடித்திருப்பான். மூன்று மணித்தியாலமும் அது எங்கள் காருக்குள்ளேயே இருந்திருக்கிறது!

ஆரணி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்கள் வைச்சதோ?"

"ஓம்."

"அண்டைக்கு நீங்கள் அம்மாவைப் பேசினது எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு." பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் அம்மாவுக்குச் சொல்லவேணும்" என்றாள். அவள் என்னோடு இவ்வளவு தமிழ் கதைத்து எத்தனையோ காலம்.

5

சொல்லவில்லை. நான்கு நாள் அந்தப் பொட்டலத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், வந்தேன். மூன்றாம் நாள் ஆற்றுப் பாலத்தில் நின்று, எறிந்துவிடலாம் என்று கையையும் நீட்டினேன். ரூபன் வரப்போவதில்லை, பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கள்ளப் புத்தி. ஆரணிக்குத் தெரியும் என்ற ஒன்றுதான் என் கையைப் பிடித்தது. நல்ல மனம் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

ஆரணி வெளிக்கிடும் நாள் காலை. கார் அம்மாவின் பெயரில், ஆகவே அம்மா எழுதிய கடிதம் வேண்டும். வசந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையடியில் குந்தினாள். ஆரணி ஜேர்மன் மொழியில் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைபோல எழுத்தெழுத்தாக எழுதினாள். என் மகள் இன்னார், என் காரை இத்தாலிக்கு ஓட்டிச்செல்ல நான் சம்மதிக்கிறேன்.

"காரின்ரை நம்பர் வேணும். சாம்பல் பேப்பரை ஆராவது எடுங்கோ" என்றாள் வசந்தி.

ஆரணி என்னைப் பார்த்தாள். நான் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

வசந்தி பிரிக்கவில்லை. நீலப்பட்டியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது உங்கடை முடிச்செல்லோ."

"ஓம். ஸ்பெயார் சில்லுக்குக் கீழை கிடந்தது. நான்தான் வைச்சனான். மறந்துபோனன்."

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகம். முதலில் மகளின் கடிதத்தை எழுதி முடித்தாள். இடம், திகதி போட்டுக் கையெழுத்து வைத்து, மடித்து ஆரணியிடம் கொடுத்தாள். பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் எத்தினை தரம் தேடியிருப்பன் தெரியுமோ? வீடு மாறேக்கை ஒவ்வொரு சீலையா உதறிப் பாத்தனான். எங்கையோ நான்தான் மாறி வைச்சிட்டன் எண்டு நானும் நம்பீட்டன். ரூபனை நான்தான் காக்க வைச்சுச் சாகவிட்டனான் எண்டு நம்பீட்டன். சாமிப் படத்துக்கு முன்னாலை நிண்டு அவரிட்டை மன்னிப்புக் கேட்டிருக்கிறன்."

பிழை என்றேன். என்னை மன்னியும் என்றேன். அந்தச் சொற்களைக் கேட்க எனக்கே கூசியது.

"நீங்கள் தனிய என்னட்டைச் சொல்லி என்ன? அண்டைக்கு எல்லாற்றை முன்னாலையுமெல்லோ சொன்னனீங்கள்" என்றாள். "பிள்ளைக்கு நான் கடிதம் எழுதிக் குடுத்திட்டன். எனக்கு நீங்கள் ஒண்டு எழுதித் தாங்கோ."

6

அவள் கேட்ட கடிதம் இது. அன்று மண்டபத்தில் இருந்தவர்களும், பிறகு அந்தப் பகிடியைக் கேட்டுச் சிரித்தவர்களும் ஊரிலும் இருக்கிறார்கள், ஐரோப்பா முழுக்கவும் இருக்கிறார்கள். அதனால்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

கீழே கையெழுத்திடும் நான் உறுதிப்படுத்துவது: பேப்பரை எடுத்தவன் நான். ஒளித்தவன் நான். மறந்தவன் நான். என் மனைவி வசந்தி அதைத் தொடவில்லை. என் தம்பி ரூபன் என்னைக் காணாமல் போனதற்கு அவள் எந்த வகையிலும் காரணம் அல்ல. செத்தவீட்டில் நான் சொன்னது பொய்.

இதுவரை எழுதி முடித்து அவளிடம் கொடுத்தேன்; இதற்குக் கீழே உள்ளதைப் பத்திரிகைக்கான கொப்பியில் பிறகு சேர்த்தேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நின்றபடியே வாசித்தாள்.

"இடம், திகதி, கையெழுத்து ஒண்டும் இல்லை. இல்லாமல் இஞ்சை எந்தப் பேப்பரும் செல்லாது" என்றாள்.

எம்மன்புரூக்கே என்று எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

"கொப்பி எடுத்துப் பேப்பர்காரருக்கு அனுப்புங்கோ. எனக்கும் ஒரு கொப்பி காணும். ஒரிஜினலைச் சாந்திக்கு அனுப்புங்கோ."

பதிவுத்தபாலில் அனுப்பினேன். ஒரு ஒரிஜினலை என் கையாலேயே வெளியே விட்டது அதுதான் முதல் தடவை. ஆரணி இத்தாலியிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். கார் பழையபடி வசந்தியோடு விடிய வேலைக்குப் போகிறது. சாந்தி கையெழுத்து வைத்துக் கடிதத்தை வாங்கியதாகத் தபால்கந்தோர் அறிவித்தது. அவளிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. வேலையால் வந்ததும் வசந்தி முதலில் போனைத்தான் எடுத்துப் பார்க்கிறாள்.